மலையடிவாரத்தில் சின்ன வீடு: போகலாமா, வேண்டாமா?

கேள்வி:

எனக்கு 66 வயது. சேலம் அம்மாபேட்டையில் சொந்த வீடு. என் வீட்டுக்காரருக்கு 71. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூரில், மகள் கனடாவில். நான் வீட்டிலேயே தையல் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் ஆறேழு பெண்கள் வருவார்கள். எனக்கென்று பென்ஷன் கிடையாது.

கருப்பூர் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே மூத்தோர் குடியிருப்பு ஒன்றை இருவரும் போய்ப் பார்த்தோம். ஒரு படுக்கையறை, ஒரு திண்ணை, மூன்று வேளையும் பொது மெஸ்ஸில் சாப்பாடு. ஆடம்பரம் எதுவும் இல்லை. எங்கள் சக்திக்குள் வரும். பக்கத்திலேயே பல்கலைக்கழகம், இன்ஜினீயரிங் காலேஜ் எல்லாம் இருக்கிறது. ஏற்காட்டிலும் இவர் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். இருக்கிற வீட்டை விற்றுவிட்டு இரண்டில் ஒன்றுக்குப் போய்விடலாம் என்கிறார். மகனோ, "வீட்டை என் பேருக்கு எழுதிவிடுங்கள், மாதக் கட்டணத்தை நான் கட்டுகிறேன்" என்கிறான். இவருக்கு மறதி வேறு. போன மாதம் செவ்வாய்ப்பேட்டைக்கு வண்டியில் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். எனக்குப் போக மனம் வரவில்லை. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

முதியவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. வீடு மாறுவது பற்றி மாதம் நாலு கடிதமாவது வரும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வீடு, மரம், பணம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் செவ்வாய்ப்பேட்டை விஷயத்தைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் எல்லாருக்கும் மறக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போனதே மறந்து பஸ் ஏறி வருவது வேறு. ஒரே ஒரு தடவை ஏதோ கவலையில் நடந்ததாகக்கூட இருக்கலாம். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. வைட்டமின் பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். மனச்சோர்வாலும் வரும், சில தூக்க மாத்திரைகளாலும் வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம். காது மந்தமாக இருப்பவரும் மறதிக்காரர் போலத் தெரிவார். சொன்னதே காதில் சரியாக விழாதபோது ஞாபகத்தில் எப்படி நிற்கும்? அதனால் காதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் முதலில் போங்கள். அவர் அனுப்பினால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் காட்டலாம்.

போகும்போது ஐயா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், நாட்டு மருந்து உட்பட. கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் கவனித்ததைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாயால் சொல்லாதீர்கள். ஊருக்குப் பாலமும் கட்டடமும் பார்த்தவர், தன் மனைவி தன்னைப் பற்றி இப்படிச் சொல்வதைக் கேட்டால் உடைந்துபோவார்.

வீட்டைப் பற்றிக் கேட்டால் மறதியைப் பற்றிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. முப்பது வருடம் பழகிய வீட்டில் ஒருவருக்கு ஸ்விட்சும் தெரியும், பாத்ரூமும் தெரியும், இருட்டில் எந்தப் படி உயரம் என்றும் தெரியும். ஞாபகம் கொஞ்சம் குறைந்தாலும் கைகால் பழக்கம் அவரைக் கொண்டு செலுத்திவிடும். புது வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. "அங்கே போன பிறகுதான் அப்பாவுக்கு மறதி வந்தது" என்று பிள்ளைகள் என்னிடம் சொல்வார்கள். விசாரித்தால் முன்னாலேயே இருந்திருக்கும், பழைய வீடு அதை மறைத்து வைத்திருக்கும். இன்னொன்று கையெழுத்து. மறதி இருக்கிறது என்று பின்னால் தெரிந்தால், இப்போது அவர் போடும் கிரயப் பத்திரமோ தானப் பத்திரமோ நாளை வழக்குக்கு இடமாகிவிடும். பரிசோதனை முடிவு வரும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். அட்வான்ஸும் வேண்டாம்.

சரி, இனி வீட்டுக்கு வருவோம்.

ஐயாவின் ஆசையை நான் குறைத்துப் பார்க்க மாட்டேன். சித்திரை வெயிலில் அம்மாபேட்டைச் சந்துகளில் மொட்டை மாடிக்குக் கீழே மதியம் படுத்துப் பார்த்தவர்களுக்கு அவர் கேட்பது புரியும். மரம் உள்ள இடத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடும். காலையில் நடக்க நிழல் இருக்கும். வயதானவர்கள் தினமும் நடக்க வேண்டும் என்று எழுதித் தராத டாக்டர் இல்லை. ஆனால் ஆட்டோவும் பைக்கும் உரசிப்போகும் தெருவில் எங்கே நடப்பது? அவர் மரம் கேட்பது உடம்பு கேட்பது.

அந்த இடம் எளிமையாக இருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று படுக்கையறை வில்லாக்களில் குடியேறியவர்கள் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டில் யார் என்று ஆறு மாதமாகியும் தெரிவதில்லை. ஒரே அறை வீடு என்றால் ஆள் திண்ணைக்கு வந்துதான் ஆக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் பேசுவார்கள். பெருக்கித் துடைக்க இடம் குறைவு, மாதக் கட்டணமும் குறைவு.

ஏற்காட்டை மட்டும் இப்போதே கழித்துவிடலாம் என்பது என் கருத்து. குளுமையான இடம்தான், 1,500 மீட்டர் உயரம். காப்பித் தோட்டமும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் சேலத்துக்கும் அதற்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, அது சுற்று. பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அறிகுறியைக் கவனித்து, வண்டி பிடித்து, மலை இறங்கி, பெரிய ஆஸ்பத்திரி சேர்ந்து, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் அந்த நேரம் எவ்வளவு கரையும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பனிக்காலத்தில் ஈரம், மூட்டுவலி, துணி காயாத பிரச்சினை வேறு. வீடு கட்ட, நிலத்தைப் பிரிக்க ஹாகா என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி தேவைப்படும் ஊர் அது. காகிதம் பார்ப்பதிலேயே பாதித் தெம்பு போய்விடும். ஏற்காட்டுக்குப் பத்து நாள் போய் இருந்துவிட்டு வாருங்கள். குடியிருக்க அடிவாரமே போதும்.

அடிவாரத்து வீட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுதான். நீங்கள் இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தீர்கள். இருவர் கண்ணால் பார்த்தீர்கள். ஆனால் அங்கே வாழ்நாளின் ஒரு பகுதியை உங்களில் ஒருவர் தனியாகத்தான் இருந்து கழிக்கப்போகிறார். கேட்கக் கஷ்டமாக இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். வயதைப் பார்த்தால் அது நீங்களாக இருக்கவே அதிக வாய்ப்பு. அந்த வீடு அவருக்குச் சரியா என்று கேட்காமல், அவர் இல்லாத நாளில் உங்களுக்குச் சரியா என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு மனம் வராததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் அந்த நாளை ஏற்கெனவே உள்ளுக்குள் பார்த்துவிட்டீர்கள், சொல்ல வாய் வரவில்லை.

பணத்திலிருந்தே பாருங்கள். ஐயா காலத்து அரசு ஊழியரின் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம். அவருக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஓய்வு பெற்ற சில வருடங்களுக்குள் இறந்தால் கொஞ்ச காலம் கூடுதலாகத் தருவார்கள். ஐயாவின் வயதுக்கு அது முடிந்துபோன கதை. ஆக, இன்று மாதம் 50,000 வருகிறது என்றால் அன்று உங்கள் கையில் ஏறத்தாழ 30,000. ஆனால் குடியிருப்பின் மாதக் கட்டணம் ஆள் ஒன்று குறைந்ததால் அந்த அளவுக்குக் குறையாது. சாப்பாட்டுச் செலவு பாதியாகும். வாட்ச்மேன், தோட்டம், தண்ணீர், நர்ஸ் எல்லாவற்றுக்கும் அதே பணம்தான். கட்டணமும் வருடா வருடம் ஏறும். வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். இன்று 18,000 என்றால் நீங்கள் 75 வயதில் 36,000 கட்ட வேண்டும், 30 சதவீதப் பென்ஷனில். அகவிலைப்படி ஏறுவது ஓரளவுக்குக் கைகொடுக்கும், முழுக்க அதையே நம்ப முடியாது. ஒருவர் மட்டும் இருந்தால் எவ்வளவு, வருடத்துக்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஏற்றுவீர்கள் என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துச் செய்வோம்மா" என்று சொன்னால் அது பதில் ஆகாது.

அப்புறம் அந்த வீடு உங்களுக்கு எந்த முறையில் கிடைக்கிறது என்று கடிதத்தில் இல்லை. கிரயமா, டெபாசிட் கட்டி ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையா? கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் வீட்டுக்கு 1,80,000 ரூபாய் அப்படியே போய்விடும். பிடிக்காமல் திரும்பி வந்தால் அது வராது. எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்கும் திட்டம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. டெபாசிட் முறை என்றால், திருப்பித் தரும்போது எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை நாளில் தருவார்கள், அடுத்த ஆள் வந்தால்தான் தருவார்களா என்று பாருங்கள். இரண்டிலும் உங்கள் பெயர் அவர் பெயரோடு சேர்ந்து இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் டெபாசிட் ரசீது கணவர் பெயரில் மட்டும் இருந்தது. அவர் காலமான பிறகு அந்த அம்மா வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டே, தான் இருந்த அறையில் தானே விருந்தாளி போல எட்டு மாதம் இருந்தார். கூடவே நான் போயிருக்கிறேன். எந்த அலுவலகத்திலும் யாரும் கெட்டவர்கள் இல்லை. ரசீதில் ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள்: "படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா? ஞாபகம் தவறினால்?" தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் வரைதான் இடம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் குடியிருப்புகள் நிறைய. உங்கள் விஷயத்தில் ஐயாவின் பரிசோதனை முடிவைப் பொறுத்து இந்த ஒரு கேள்வியே முடிவைத் தீர்மானிக்கலாம்.

நீங்கள் பகலில் போய்ப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் பகலில்தான் போவார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு முறை சாதாரண நாளில், சாயங்காலம் ஆறரைக்குப் போங்கள். இதே மாதிரி ஓர் அடிவாரக் குடியிருப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடைசி வரிசை வீட்டிலிருந்து ஓர் அம்மா மெஸ்ஸுக்குக் கிளம்பினார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் மாத்திரை டப்பாவும் டம்ளரும். வழியில் பதினொரு படி. படியில் ஈர இலைகள் ஒட்டிக் கிடந்தன. பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. ஆனால் பிடிக்கக் கை இல்லை. ஒவ்வொரு படியிலும் செருப்பைத் தேய்த்து இலையை ஒதுக்கிவிட்டு அடுத்த காலை வைத்தார். பதினொரு படிக்கு நாலு நிமிடம் ஆனது. அடுத்த மாதம் நான் போனபோது ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டதாகச் சொன்னார், "பசிக்கறதில்லைங்க" என்று. காலையில் அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தேன். பசி இருந்தது. படிதான் தடுத்தது.

அதனால் உங்களுக்குக் கொடுக்கும் வீட்டிலிருந்து மெஸ் வரை நீங்களே இருட்டில் நடந்து பாருங்கள். படிக்குப் பதில் சரிவுப் பாதை இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா, கரண்ட் போனால் அந்த விளக்கு எரியுமா, இலையை யார் எப்போது பெருக்குகிறார்கள். 2019-இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் மூத்தோர் குடியிருப்புகளுக்கு வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதலிலேயே சரிவுப் பாதையும் வழுக்காத தரையும் பிடிமானக் கம்பியும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்பது அதிகப்படி இல்லை.

பாத்ரூம் கதவையும் பாருங்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு என்றால் விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துவிடும். வெளியிலிருந்து தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது நகர்த்தும் கதவாக இருக்க வேண்டும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு காசு வைத்துத் திருகினால் திறக்கும்படி கிடைக்கிறது, கடையில் கேட்டு மாட்டச் சொல்லுங்கள். கம்பியைச் சுவரில் துளை போட்டு அடித்திருக்கிறார்களா, ரப்பரில் ஒட்டியிருக்கிறார்களா என்று உங்கள் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள்.

வாசல்வரை 108 வண்டி வந்து திரும்ப முடியுமா? மரத்தை வெட்டக் கூடாது என்று பாதையைக் குறுக்கிவிடுகிறார்கள், மரத்தின் மேல் உள்ள அன்பால்தான். வண்டி கேட்டோடு நின்றுவிடும். தண்ணீருக்கு போர்வெல்லை மட்டும் நம்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். "தண்ணீர்ப் பஞ்சமே இல்லை" என்றால், போன ஏப்ரல், மே மாத லாரித் தண்ணீர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே உங்கள் போனில் சிக்னல் எத்தனை கட்டை வருகிறது என்று படுக்கையறையில் நின்று பாருங்கள், வாசலில் இல்லை. மரம் இருந்தால் குரங்கு வரும், பாம்பும் வரும். ஜன்னலுக்கு வலை, ராத்திரி வெளியே போகக் கையில் டார்ச், காலில் மூடின செருப்பு. அதற்காக மரத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

காலேஜ் பக்கத்தில் இருப்பதை நோட்டீஸில் போட்டிருப்பார்கள். வீட்டு விலையை ஏற்றத்தான் பெரும்பாலும் அது பயன்படுகிறது. ஆனால் உங்களுக்கு அது உண்மையிலேயே பயன்பட வாய்ப்பிருக்கிறது. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. விடுதிகளில் எத்தனை பெண் பிள்ளைகள்! பிளவுஸுக்கு ஒரு கொக்கி தைக்கவும் சுடிதாரைக் கொஞ்சம் பிடிக்கவும் டவுனுக்குப் போய்வரும் பிள்ளைகள். நீங்கள் அம்மாபேட்டையில் விட்டுவிட்டுப் போவது வீட்டை மட்டும் இல்லை, அந்த ஆறேழு பெண்களை. தினமும் பத்து மணிக்கு உங்கள் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கிறதல்லவா, அது நின்றால் நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. ஐயாவுக்கு மரத்தடியில் தினமலரும் காப்பியும் இருந்தால் பொழுது போய்விடும். உங்களுக்குப் போகாது.

ஆகவே குடியிருப்பு நிர்வாகத்திடம் நேராகக் கேளுங்கள்: "நான் தையல் மிஷின் போட்டு வெளிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? கேட்டில் அவர்களை விடுவீர்களா?" பாதுகாப்பு என்று சொல்லி வெளியாட்களை விடாத இடங்கள் இருக்கின்றன. பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்ற இடமும் உண்டு. அப்படிப்பட்ட கேட்டுக்குள் நீங்கள் போக வேண்டாம். பொது அறையில் வாரம் மூன்று நாள் மிஷின் போட இடம் தருகிறோம் என்று அவர்களே சொன்னால், அந்த இடத்தைப் பற்றி என் அபிப்பிராயம் ரொம்ப உயரும்.

அப்புறம் பஸ். உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று எழுதவில்லை. ஐயா இனி ஓட்டலாமா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நீங்கள் நடந்து போய், அரசு டவுன் பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு யாரையும் கேட்காமல் நீங்களாகவே கிளம்பிப் போய்வர முடியுமா? ஒரு பிரதோஷத்துக்கு சுகவனேசுவரர் கோயிலுக்கு? கேட்டிலிருந்து நிறுத்தம் இரண்டு கிலோமீட்டர் என்றால், அவர்கள் ஒரு வேனாவது விட வேண்டும், தினமும், நேரத்துக்கு.

மகன் விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். மாதக் கட்டணம் கட்டுவதாகச் சொல்லும் பிள்ளைக்கு நாளை வேலை போகலாம், உடம்பு முடியாமல் போகலாம். கொடுத்தே தீர வேண்டும் என்றால், உங்கள் இருவரையும் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அப்படி எழுதி, பின்னால் பராமரிக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்க முடியும். நிபந்தனை எழுதாமல் வெறுமனே "அன்பின் காரணமாக" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு உதவுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு வழிகாட்ட யாரும் இல்லை என்று தோன்றினால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டை விற்கவும் வேண்டாம், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. வாடகைக்கு விடுங்கள். முன்பக்கத் தையல் அறையை மட்டும் பூட்டி உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாடகை மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்ளும். திரும்பி வர ஒரு வாசலும் இருக்கும். சொந்த வீட்டை விற்ற மறுநாளே குடியிருப்பு நிர்வாகத்தின் குரல் மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பிப் போக இடமுள்ளவர் ஒரு குறையைச் சொல்லும் தைரியம் வேறு.

ஐயாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "எனக்கு இஷ்டமில்லை" என்று தொடங்கினால் சண்டையில் முடியும். "போகலாம், ஆனால் முதலில் வாடகைக்கு இருந்து பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். நிறைய இடங்களில் விருந்தினர் அறை வைத்திருக்கிறார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் பத்து நாள், மழை பிடிக்கும் அக்டோபரில் பத்து நாள். தண்ணீரை மேயிலும் பாதையை அக்டோபரிலும் பார்த்துவிடுவீர்கள். பொதுப்பணித் துறைக்காரர், கட்டடத்தை மழை பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கே இது நியாயமாகப் படும்.

அந்த இருபது நாளில் இரண்டு நாளை மட்டும் எனக்காக ஒதுக்குங்கள். ஐயாவை மகன் வீட்டுக்கு பெங்களூர் அனுப்பிவிடுங்கள், அல்லது மகனை இங்கே வந்து அம்மாபேட்டையில் அப்பாவோடு இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே தனியாக இருங்கள். காலையில் தனியாக எழுந்து, தனியாக மெஸ்ஸுக்கு நடந்து, ராத்திரி கதவைத் தனியாகச் சாத்திப் படுங்கள். போனை அடிக்கடி எடுக்காதீர்கள். இரண்டாவது நாள் மதியம் வேண்டுமென்றே சாப்பாட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருங்கள்.

யாராவது வந்து கதவைத் தட்டி, "என்னம்மா, சாப்பிட வரலையா?" என்று கேட்டார்களா, கேட்டால் எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.